சோற்று வாளியோடு ஒரு பிளக் டப்பா! - படகு இன்ஜினுக்குச் சரியான ஸ்பார்க் பிளக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்கள் வீட்டில் அப்பா கடலுக்குக் கிளம்பும்போது அம்மா மூன்று பொருள்களைத் திண்ணையில் எடுத்து வைப்பார். சோற்று வாளி, தண்ணீர் கேன், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அந்த டப்பாவில் இருப்பது இரண்டு புது ஸ்பார்க் பிளக், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு துண்டுப் பருத்தித் துணி.

சோறு மறந்தாலும் மறக்கலாம், அந்த டப்பாவை மறக்கக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நேரம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு சிலிண்டர் அவுட்போர்டு இன்ஜின். முந்தின நாள் மாலை பிளக் மாற்ற வேண்டும் என்று டவுனில் ஒரு கடைக்குப் போனார் அப்பா. பழைய பிளக்கைக் காட்டினார். கடைக்காரர் ஒரு புதுப் பெட்டியை எடுத்துப் போட்டார். "நம்பர் வேற மாதிரி இருக்கே?" என்று அப்பா கேட்டதற்கு, "மரை சரியா உட்காருதுல்லா அண்ணாச்சி, பிறகென்ன? எல்லாம் ஒண்ணுதான்" என்று பதில் வந்தது. பழைய பிளக்கை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

விடியற்காலை மூன்று மணிக்குப் போன வள்ளம், மதியம் வரவில்லை. மாலையும் வரவில்லை. அன்று இரவு அம்மா கரையிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று, எங்கள் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

வேகமாக ஓடியபோது இன்ஜினில் ஒரு குறையும் தெரியவில்லையாம். வலை விடுவதற்காக மெதுவாக ஓட்டத் தொடங்கிய பிறகு, இன்ஜின் இருமத் தொடங்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நின்றும்விட்டது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் கறுத்து, எண்ணெய் பூசியதுபோல நனைந்திருந்தன. துடைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். கயிற்றை இழுத்து இழுத்து சித்தப்பாவின் உள்ளங்கை பொத்துவிட்டது. மாற்றிப் போட வேறு பிளக் இல்லை. நீரோட்டம் இழுத்த பக்கம் வள்ளம் போனது.

ஊர் மெக்கானிக் அண்ணன் அந்த பிளக்கைக் கையில் வாங்கி, வெள்ளைப் பீங்கானில் அச்சடித்திருந்த எழுத்தைப் படித்தார். "இன்ஜினுக்குப் போட வேண்டியது ஏழாம் நம்பர். இதுல ஒன்பது போட்டிருக்கு. எல்லாம் ஒண்ணுதான்னு யார் சொன்னது?" என்றார்.

ஏழுக்கும் ஒன்பதுக்கும் உள்ள அந்த வித்தியாசம் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிறகு பல வருடங்கள் ஆயின. படகு வைத்திருப்பவர்களுக்கும், படகில் போகிறவர்களின் வீட்டில் இருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே விளக்கமாகச் சொல்கிறேன்.

ஏன் இன்னும் டூ ஸ்ட்ரோக்?

அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த படகு மோட்டார்தான், அவுட்போர்டு இன்ஜினைப் பரவலாக்கியது. ஜப்பானின் யமஹா நிறுவனம் தன் முதல் அவுட்போர்டை 1960-ல் வெளியிட்டது. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகைக் கட்டுப்பாடுகள் காரணமாக, கார்புரேட்டர் வைத்த பழைய மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் புது விற்பனையில் இல்லாமலே போய்விட்டன. ஆனால் ஆசிய, ஆப்பிரிக்கக் கரைகளில் மீனவர்கள் இன்னும் அவற்றை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள்.

காரணம் எளிது. எடை குறைவு. வால்வு, கேம் என்று சிக்கலான பாகங்கள் இல்லை. உள்ளூரிலேயே பழுது பார்க்கலாம். துறைமுகம் இல்லாத ஊர்களில் தொழில் முடிந்ததும் இன்ஜினைக் கழற்றி, தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் பிளக்கின் பாடு பெரும்பாடு. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிதல் நடக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் நடக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 80 முறைக்கு மேல் பொறி விட வேண்டும். அதோடு, எரிபொருளில் ஆயிலும் கலந்தே வருகிறது. அந்த ஆயிலும் எரிந்து பிளக்கின் முனையில் படியும். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் என்றால் கரி இன்னும் அதிகம்.

தோசைக்கல் கணக்கு

பிளக்கின் பெட்டியில் இருக்கும் எண், அதன் வெப்ப அளவைக் குறிக்கிறது. மெக்கானிக்குகள் 'ஹாட் பிளக்', 'கோல்ட் பிளக்' என்று சொல்வது இதைத்தான்.

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல் போதிய அளவு காயவில்லையென்றால் மாவு ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் தோசை கருகும். பிளக்கின் முனையும் அப்படித்தான். முனையின் சூடு சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், படிகிற கரி எரியாமல் அங்கேயே தங்கிவிடும். கரி வழியாக மின்சாரம் கசிந்து ஓடிவிடும், பொறி வராது. அந்தச் சூட்டைத் தாண்டினால் கரி தானாகவே எரிந்து முனை சுத்தமாகிவிடும். ஆனால் 850 டிகிரிக்கு மேல் போனால் வேறு ஆபத்து. பொறி வருவதற்கு முன்பே, தகதகக்கும் முனையே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். அந்த நிலை நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

ஆக, பிளக் அந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதை முடிவு செய்வது, உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கின் நீளம். மூக்கு நீளமாக இருந்தால், முனையின் சூடு சிலிண்டர் ஹெட்டுக்குப் போய்ச் சேர நேரமாகும், முனை சூடாகவே இருக்கும். இது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். இது கோல்ட் பிளக்.

என்.ஜி.கே. பிளக்குகளில் ஒரு எண் மாறினால் முனையின் சூடு ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி வரை மாறும். ஏழுக்குப் பதில் ஒன்பது போட்டதால், அப்பாவின் இன்ஜினில் முனை அவ்வளவு தூரம் குளிர்ந்துபோனது. வேகமாக ஓடியபோது இன்ஜினின் சொந்தச் சூட்டில் சமாளித்தது. வலை விடும்போது மணிக்கணக்கில் மெதுவாக ஓடியதும் கரியும் ஆயிலும் சேர்ந்து அடைத்துவிட்டன.

பிளக்கின் மேல் எழுதியிருப்பதைப் படிப்போம்

நம் கரைகளில் அதிகம் புழங்குவது என்.ஜி.கே. பிளக். சிறிய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பலவற்றில் 'பி7எச்எஸ்' அல்லது 'பி7எச்எஸ்-10' என்ற வகை வரும். பார்க்கப் புதிர்போல இருக்கும் இந்த எழுத்துகளைப் படிப்பது ரேஷன் கார்டு படிப்பதைவிட எளிது.

பி: மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர். 'சி' என்றால் 10, 'டி' என்றால் 12 மில்லிமீட்டர்.

7: வெப்ப எண். என்.ஜி.கே.யில் எண் கூடக்கூட பிளக் 'கோல்ட்'. எண் குறையக்குறைய 'ஹாட்'.

எச்: மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர். இந்த இடத்தில் 'இ' என்று இருந்தால் 19 மில்லிமீட்டர்.

எஸ்: நடு மின்முனையில் செம்பு உள்ளீடு கொண்ட சாதாரண வகை.

-10: இரண்டு மின்முனைகளுக்கும் இடையே 1.0 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த எண் இல்லாத பிளக்கில் இடைவெளி அதைவிடக் குறைவு.

ஆர்: 'பிஆர்7எச்எஸ்' என்பதுபோல நடுவில் 'ஆர்' வந்தால், உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்று பொருள்.

மரை நீளத்தில் மட்டும் அசட்டை வேண்டாம். 'எச்' போட வேண்டிய இடத்தில் 'இ' போட்டால், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன் மேலே வந்து அதில் இடிக்கும். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பாழாகலாம். இதற்கு நேர்மாறாக, நீளமான மரை கேட்கும் இன்ஜினில் குட்டை பிளக்கைப் போட்டால், மீதி மரையில் கரி படிந்து, பிறகு சரியான பிளக்கே உள்ளே ஏறாது.

ரெசிஸ்டர் விஷயமும் முக்கியம். பொறி பறக்கும்போது ரேடியோ அலைகளும் கிளம்பும். வள்ளத்தில் வி.எச்.எஃப். கருவி, ஜி.பி.எஸ்., மீன் காட்டும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இரைச்சலும் தடுமாற்றமும் வரலாம். ரெசிஸ்டர் பிளக் அதைக் குறைக்கும். உங்கள் இன்ஜின் கையேட்டில் 'ஆர்' வகை எழுதியிருந்தால், அதை விட்டு வேறு போடாதீர்கள்.

கம்பெனி மாறினால் எண்ணும் மாறும்

கடையில் ஒரு கம்பெனி பிளக் இல்லையென்றால் வேறு கம்பெனி பிளக்கைக் கொடுப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் ஒரே எண்ணைப் பார்த்து வாங்கினால் தப்பு.

என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடினால் கோல்ட். சாம்பியனிலும் பாஷிலும் அப்படியே தலைகீழ், எண் கூடினால் ஹாட். என்.ஜி.கே.யும் டென்சோவும் ஒரே திசையில் போனாலும் எண்கள் ஒன்றல்ல. என்.ஜி.கே.யின் 7, டென்சோவில் 22. என்.ஜி.கே.யின் 8, டென்சோவில் 24.

அதனால் வேறு கம்பெனி பிளக் வாங்கும்போது, அந்தக் கம்பெனியின் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடையிலேயே அட்டை இருக்கும், இல்லாவிட்டால் கைபேசியில் கம்பெனியின் தளத்தைப் பார்க்கலாம்.

இரிடியம் பிளக் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மெல்லிய முனை என்பதால் பொறி எளிதில் வரும் என்பது உண்மை. ஆனால் விலை அதிகம். ஆயிலும் மண்ணெண்ணெய்க் கரியும் சாதா பிளக்கை அடைப்பதுபோல இதையும் அடைக்கும். கையேடு கேட்காத இன்ஜினுக்கு, சரியான எண்ணில் சாதா பிளக்கை நேரத்துக்கு மாற்றுவதே போதும்.

கையேடு சொல்வதே முதல் சொல்

உங்கள் இன்ஜினுக்கு எந்த பிளக் என்பதை முடிவு செய்ய வேண்டியது இன்ஜின் கையேடு. ஒரே குதிரைத்திறன், ஒரே கம்பெனி என்றாலும், பெட்ரோல் மாடலுக்கும் மண்ணெண்ணெய் மாடலுக்கும் வேறு வேறு பிளக் எழுதியிருக்கலாம். பக்கத்து வள்ளத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள்.

கையேடு இல்லையா? இன்ஜினின் தாங்கி அடைப்பில் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் இருக்கும் மாடல் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரிடம் அதைக் காட்டிக் கேட்கலாம்.

கையேடு சொன்ன எண்ணைப் போட்டும் பிளக் அடிக்கடி கறுத்தால், உடனே ஹாட் பிளக்குக்கு மாறுவது நம்மில் பலருக்கு வழக்கம். அதற்கு முன் ஆயில் கலவையையும், கார்புரேட்டரையும், சோக்கையும் பாருங்கள். நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை மாற்றக் கூடாது. ஹாட் பிளக் போட்டுவிட்டு, அதே இன்ஜினை நிறைய மீன் ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து. அப்படி மாற்றியே ஆக வேண்டுமென்றால், அனுபவமுள்ள மெக்கானிக்கின் யோசனையோடு ஓர் எண் மட்டும் மாற்றலாம்.

ஆயிலும் மண்ணெண்ணெயும்

பிளக் கெடுவதற்குப் பாதிக் காரணம் பிளக்கில் இல்லை, டேங்கில் இருக்கிறது.

50:1 கலவை என்று கையேடு சொன்னால் 10 லிட்டருக்கு 200 மில்லி ஆயில். 25:1 என்றால் 400 மில்லி. 'கொஞ்சம் கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது' என்று கண்ணளவில் ஊற்றுகிறவர்கள் நிறைய. கூடுதல் ஆயில் முதலில் போய் நிற்கும் இடம் பிளக்கின் முனை. குறைத்து ஊற்றினாலோ பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். அளவு போட்ட ஜாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆயிலின் வகை. படகு இன்ஜினுக்கான ஆயில் டப்பாவில் 'டிசி-டபிள்யூ3' என்ற குறி இருக்கும். தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு என்றே, எரிந்தால் சாம்பல் விடாதபடி செய்த ஆயில் அது. பைக்குக்கான 2டி ஆயில் பெரும்பாலும் காற்றால் குளிரும் இன்ஜினுக்கானது. அதிலுள்ள சேர்மானங்கள் சாம்பலாகி, பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலம் போட்டுவிடும்.

மண்ணெண்ணெய் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய பாடம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். கரைக்கு வந்து நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு மாற்றுங்கள். அப்போதுதான் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கும், மறுநாள் குளிர்ந்த இன்ஜின் சட்டென்று பிடிக்கும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இன்ஜினில் அது போய் பிளக்கை நனைத்துவிடும்.

பிளக் சொல்லும் சேதி

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல, மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நீங்களும் பார்க்கலாம். கொஞ்ச நேரம் வழக்கமான வேகத்தில் ஓட்டி நிறுத்தி, இன்ஜின் ஆறியதும் கழற்றுங்கள். எந்த பிளக் எந்த சிலிண்டரில் இருந்தது என்று மாறாமல் வரிசையாக வையுங்கள்.

வெளிறிய பழுப்பு அல்லது காப்பி நிறம்: இன்ஜின் நலம்.

உலர்ந்த கரிப்பொடி: எரிபொருள் அதிகமாகப் போகிறது, அல்லது நெடுநேரம் மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள், அல்லது பிளக் ரொம்ப கோல்ட்.

கறுப்பும் ஈரமும்: ஆயில் அதிகம், அல்லது அந்த சிலிண்டரில் பொறியே வரவில்லை.

சுண்ணாம்பு வெள்ளை, பொரிப்பொரியாக: அதிகச் சூடு. எரிபொருள் குறைவாகப் போகிறதா, குளிர்விக்கும் தண்ணீர் ஓட்டம் அடைபட்டிருக்கிறதா, பிளக் ரொம்ப ஹாட்டா என்று பார்க்க வேண்டும்.

பீங்கானில் வெள்ளி நிறப் புள்ளிகள்: பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டுகிறது. இதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்று, அல்லது துருப்பிடித்து: அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

இரண்டு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிளக்கும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று பழுப்பாகவும் மற்றது கறுப்பாகவும் இருந்தால், கோளாறு அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் என்று தெரிந்துவிடும். தேடும் வேலை பாதியாகக் குறையும்.

மாட்டுவதிலும் பக்குவம் உண்டு

புது பிளக் என்பதற்காக அப்படியே மாட்டிவிடாதீர்கள். பெட்டி கீழே விழுந்திருந்தால் இடைவெளி மாறியிருக்கும். ஃபீலர் கேஜ் வைத்து கையேடு சொல்லும் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்ய வேண்டுமென்றால் வெளி மின்முனையை மட்டும் மெல்ல வளையுங்கள். நடு முனையைத் தொடாதீர்கள்.

முதலில் பிளக்கைச் சுற்றியிருக்கும் உப்பையும் மணலையும் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் மணல் சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம். கோணலாக ஏறி மரை போய்விட்டால் பெரிய செலவு. கை நின்ற இடத்திலிருந்து ஸ்பேனரால் ஏறக்குறைய அரைச்சுற்று போதும், புது வாஷர் அமுங்கி உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே போட்டிருந்த பிளக் என்றால், வாஷர் முன்பே அமுங்கியிருப்பதால் சின்னத் திருகு போதும். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று முறுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

பழைய பிளக்கை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அதன் துகள் பிளக்கின் உள்ளிடுக்கில் தங்கி, பிறகு சிலிண்டருக்குள் விழுந்து கீறும். அவசரத்துக்குப் பெட்ரோலும் டூத் பிரஷும் போதும். கரைக்கு வந்ததும் புதுசு மாற்றிவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது. மண்ணெண்ணெய் இன்ஜினுக்கு அதற்கும் முன்பே.

போலி பிளக்கும் புழக்கத்தில் உண்டு. நடு முனை சரியாக நடுவில் இருக்கிறதா, மரை வழவழப்பாக இருக்கிறதா, வாஷர் கழன்று விழாமல் நிற்கிறதா, பீங்கானில் உள்ள எழுத்து விரலால் தேய்த்தால் அழிகிறதா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

நடுக்கடலில் நின்றுவிட்டால்...

பதறிக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். வரிசையாகப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கிளிப் கழன்றிருக்கிறதா? டேங்க் மூடியில் காற்றுத் துவாரம் திறந்திருக்கிறதா? எரிபொருள் குழாய் மடங்கியிருக்கிறதா? பம்ப் பல்பை அமுக்கினால் இறுகுகிறதா?

இவையெல்லாம் சரி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வந்தும் பொறி பிடிக்கவில்லை. நனைந்த பிளக்கைத் துடைத்துக்கொண்டே நேரம் போக்காமல், புது பிளக்கைப் போடுங்கள். போடுவதற்கு முன், பாதுகாப்புக் கிளிப்பைக் கழற்றிவிட்டுச் சில முறை கயிற்றை இழுத்தால், உள்ளே தேங்கிய எரிபொருள் வெளியேறும். அந்த நேரத்தில் பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

பிளக்கை வெளியே வைத்துப் பொறி வருகிறதா என்று சோதிப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் அதிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. திறந்த காற்றில் பொறி தாண்டுவது எளிது. சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், அங்கே தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். வெளியே நீலமாகப் பொறி விட்ட பிளக், உள்ளே போனதும் ஊமையாகிவிடலாம். 'பொறி வருதே, பிளக் நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிடாமல், மாற்றிப் பார்ப்பதே வழி. பெட்ரோல் ஆவி சூழ்ந்த வள்ளத்தில் பொறி விட்டுப் பார்ப்பது ஆபத்து என்பதையும் மறக்க வேண்டாம்.

புது பிளக்குக்கும் பிடிக்கவில்லையென்றால், நங்கூரம் எட்டும் ஆழமாக இருந்தால் உடனே போடுங்கள். பக்கத்து வள்ளத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கைபேசி சிக்னல் கிடைக்கும் தூரம் என்றால், இந்தியக் கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554.

ராமேசுவரம், நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லை அங்கே மிகப் பக்கம். இன்ஜின் நின்ற படகு நீரோட்டத்தில் எல்லை தாண்டிவிட்டால், பிளக் பிரச்னையாகத் தொடங்கியது, கைதிலும் படகு பறிமுதலிலும் போய் முடியலாம்.

அந்த டப்பா

அன்றைக்கு வள்ளம் திரும்பி வந்தபோது அம்மா அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. அப்பா குளித்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, "அந்த நல்ல பிளக்கு எப்படி இருக்கும்னு எனக்குக் காட்டுங்க" என்றார். அப்பா மெக்கானிக் அண்ணனிடம் வாங்கி வந்ததைக் காட்டினார். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, "மக்ளே, இதுல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே இந்த டப்பா மூடியில எழுது" என்றார். ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். எழுத்து மங்கும்போதெல்லாம் அதன் மேலேயே மறுபடி எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு பிளக் வாங்கப் போகும்போதெல்லாம் அப்பா அந்த மூடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போவார். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை, ஒவ்வோர் எழுத்தாக மூடியோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்பார்.

அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. சித்தப்பா மகன் போகிறான். வள்ளம் புதுசு, இன்ஜின் புதுசு, அதனால் மூடியில் எழுதியிருக்கும் எண்ணும் புதுசு. டப்பா மட்டும் பழையதுதான். விடியற்காலையில் அவன் கிளம்பும் சத்தம் கேட்டால், அம்மா எழுந்து வாசலுக்கு வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"டப்பா எடுத்தியாலே?"